வெர்லீன் ரிடிக் கேட்டு வாங்கிய காகிதங்கள்

வெர்லீன் ரிடிக் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. வண்டி உருளும்போது அதற்கு முன்னால் யார் காலும் இருக்கக் கூடாது. மற்றபடி கத்தலாம், கட்டிப் புரளலாம், ஜன்னல் வழியே வாழைப்பழத் தோலை வீசிவிட்டு நானில்லை என்று சாதிக்கலாம். ஒருமுறை எந்தப் புண்ணியவானோ அந்தக் கோட்டின்மேல் நீளவாக்கில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி வைத்திருந்தான். அவள் காலணி வழுக்கியது; ஆள் விழவில்லை. நிமிர்ந்து நின்று, "சிரிக்கிறவங்க கோட்டுக்குப் பின்னாடி நின்னு சிரிங்க" என்றாள். இருபத்தாறு வருடமாக அவள் வாயில் அந்தக் கோடுதான்.

அவளுடைய ஒரே மகன் கார்னெல், இருபத்து மூன்று வயதில், ஒரு கோட்டைத் தாண்டி நின்றதால் செத்தான் என்று கடற்படை எழுதி அனுப்பியது.

அந்தக் கோடு ஹெலிகாப்டரில் இருந்தது. வண்டியின் பின்பக்கம் வாய் பிளந்தாற்போல ஒரு சாய்பலகை, அதன் குறுக்கே சிவப்புப் பெயின்ட். கார்னெலின் படைப்பிரிவுக்குக் கடலில் கண்ணிவெடி தேடுவது வேலை. கப்பல் போய்த் தேடினால் கப்பலே வெடித்துவிடும் என்று ஹெலிகாப்டர் மேலே பறந்தபடி, நீளமான கேபிளின் நுனியில் ஒரு சோனாரைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். அதை அவர்கள் மீன் என்பார்கள். செதில் கிடையாது, இறக்கை உண்டு, இரண்டு ஆள் நீளம். அது ஒலியை எறிந்து அடிமண்ணைப் படம் பிடிக்கும். செசபீக் விரிகுடாவில் பயிற்சிக்காகப் போட்ட பொய்க் கண்ணிகளை அது கண்டுபிடித்ததைவிட, ஜனங்கள் தள்ளிவிட்ட பழைய ஃபிரிட்ஜுகளையும் தொலைந்துபோன நண்டுக் கூண்டுகளையும் கண்டுபிடித்ததுதான் அதிகம். "அம்மா, இன்னிக்கு ஒரு ஃபிரிட்ஜும்மா, கதவோட" என்று கார்னெல் போனில் சொல்வான். அதில் சாப்பிட ஏதாவது இருந்ததா என்று அவள் கேட்பாள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, மீனை மேலே தூக்கும்போது கேபிள் அறுந்தது. அறுந்த கேபிள் பாம்பு மாதிரி துள்ளும் என்று சொல்வார்கள். பாம்புக்கு அந்த வேகம் கிடையாது. சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் நின்றிருந்தவன் கார்னெல். வெர்லீன் அப்போது மூன்றாவது நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கோட்டைத் தாண்டியதற்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று அவளே பிற்பாடு சொன்னாள்.

விசாரணை அறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தது. இருநூற்றுப் பதினான்கு பக்கம். அதில் நூற்று முப்பத்தொரு பக்கத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. பூசாமல் விட்ட ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: "கோட்டைத் தாண்டி நின்றது உறுப்பினரின் சொந்தப் பிழை."

அவள் அந்த வரியை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். கணவன் மாரடைப்பில் போனபோது கார்னெல் நான்காம் வகுப்பு. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவனை வீட்டில் விட ஆள் இல்லாமல் பேருந்திலேயே கூட்டிக்கொண்டு சுற்றியவள். நடக்கப் பழகும் பிள்ளைகளுக்குச் சுவரும் நாற்காலியும் போல அவனுக்கு அந்த வெள்ளைக் கோடு. "என் புள்ளைக்குக் கோடு தெரியாதா?" என்று பாதிரியாரிடம் கேட்டாள். அவர் ஆண்டவரின் சித்தம் பற்றி ஏதோ சொன்னார். ஆண்டவர் கேபிளை அறுத்திருக்கலாம், ஆனால் இவனைக் கோட்டைத் தாண்டச் சொன்னது அவரில்லை என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. அந்த வரி பொய் என்று நிரூபிக்க வேண்டும். அல்லது மெய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பொது நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஹிராம் டீல் என்றொரு நூலகர். ஒல்லி, வருடம் முழுக்க ஜலதோஷம். முதல் நாள் அவரிடம் போய், ஹெலிகாப்டர் கடலுக்குள்ளே இழுத்துப் போகிற சோனார் பற்றி இருக்கிற எல்லாம் வேண்டும் என்றாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதற்கு என்று கேட்டார். அதில் எங்கே நின்றால் சாகாமல் இருக்கலாம் என்று தெரிய வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு அவர் எதற்கு என்று கேட்டதே இல்லை.

கம்ப்யூட்டரில் முதலில் கிடைத்தவை விற்பனை விளம்பரங்கள். எத்தனை ஆழம் போகும், எத்தனை வேகத்தில் இழுக்கலாம், சேற்றுக்குள் புதைந்த கண்ணியை எவ்வளவு துல்லியமாகக் காட்டும், எல்லாம் வழவழத் தாளில் வண்ணப் படத்தோடு. ஒரு படத்தில் ஒரு பையன் மீனைத் தடவிக்கொண்டு அத்தனை பல்லும் தெரியச் சிரித்தான். எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் எதிலும் இல்லை. "கார்ல எத்தனை பேர் உக்காரலாம்னு போடுவான், எத்தனை பேர் செத்தாங்கன்னு போடுவானா?" என்று ஹிராம் டீல் தும்மினார்.

அரசாங்கக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு சட்டம் உண்டு. அதன்படி மனு போட்டாள். மீனை இறக்கி ஏற்றும் கையேடு வேண்டும். பதினான்கு வாரம் கழித்து ஒரு கட்டு வந்தது. எழுத்து இருந்த பக்கமெல்லாம் கறுப்பு. கையேட்டில் சில பக்கங்கள் 'இப்பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது' என்று அச்சிட்டு வெறுமையாக இருக்கும். அந்தப் பதினேழு பக்கத்தை மட்டும் ஒரு சொட்டு மை படாமல் முழுசாக அனுப்பியிருந்தார்கள். வெர்லீன் அன்று நூலகத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்.

மனுக்களை நிரப்பிக் கொடுத்தவன் வெண்டல் டப்ஸ்.

வெண்டல் கார்னெலோடு ஒரே குழுவில் இருந்தவன். டென்னசி மலைக்காட்டுப் பையன், செம்பட்டைத் தலை, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விடும், அத்தனை மெதுவாகப் பேசுவான். கார்னெலின் சாமான்களைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். மழைநீர்க் குழாய் ஒன்று தொங்குவதைப் பார்த்து ஏணி கேட்டான். அதற்கடுத்த ஞாயிறு வாசல் கதவு. பிறகு அவனுக்கென்று ஒரு தட்டு வந்துவிட்டது. பொரித்த மீன், வெண்ணெய் பீன்ஸ், பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரை, சோள ரொட்டி.

"உங்க ஊர்ல கீரைன்னா என்னன்னே தெரியாதாடா? புல்ல பாத்த மாதிரி பாக்குற."

"தெரியும் மிஸ் வெர்லீன். எங்க ஊர்ல அத மாட்டுக்குப் போடுவாங்க."

"அதான் மாடு உன்னைவிட வேகமா பேசுது."

சாப்பிட்ட பிறகு மேசையைத் துடைத்து மனுத்தாளை விரிப்பாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். அவளுக்கு விரல் மூட்டு வீக்கம். ஸ்டீரிங் பிடிக்கும், பேனா பிடிக்காது. அவன் எழுத்து கட்டம் கட்டமாக இருக்கும், டபிள்யூ மட்டும் பல் உடைந்த சீப்பு மாதிரி. இரண்டு வருடத்தில் பதின்மூன்று மனு. ஒவ்வொன்றையும் அவன்தான் எழுதினான், அவன்தான் தபாலில் போட்டான்.

திருப்பம் வந்தது ஒரு பழைய சாமான் சந்தையில். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவர் செத்துப்போக, அவர் மனைவி கார் ஷெட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். மீன்பிடி கோல்களுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் நடுவில் காபிக் கறை படிந்த ஒரு கையேடு. முப்பது வருடம் பழசு, இப்போதைய மீனுக்குத் தாத்தா மீன். ஆனால் ஒரு எழுத்துகூட மை பூசாதது. ஹிராம் டீல்தான் அதைக் கண்டுபிடித்து, ஏதோ புதையல் போல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார்.

வெர்லீன் அதை வரிவரியாகப் படித்தாள். மீனை ஏற்றும் பகுதியில் பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடப்பக்கம் 'வாசிப்பவர்', வலப்பக்கம் 'செய்பவர்'. கேபிளைச் சுருட்டி ஏற்றும் விஞ்சு இயந்திரத்தை இயக்குகிறவன் பக்கத்தில் கொக்கியில் ஒரு அட்டை தொங்கும். கடல்நீர் படும் என்பதால் லேமினேஷன் செய்த அட்டை. அவன் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தலைக்கவச மைக்கில் வாசிப்பான். கேபிளை வழிப்படுத்துகிறவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வான். மனப்பாடமாகத் தெரிந்தாலும் மனப்பாடத்தில் செய்யக் கூடாது. காதில் விழுந்ததை மட்டுமே செய்ய வேண்டும்.

அவள் புத்தகத்தை மூடினாள். கார்னெலின் அறிக்கையில் ஹெலிகாப்டருக்குள் இருந்த பொருட்களின் பட்டியல் உண்டு. மை பூசாத பக்கம், அதை அவள் ஜெபம் மாதிரி ஒப்பிப்பாள். டார்ச் இரண்டு. கையுறை நான்கு ஜோடி. பாதி தின்ற சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்று. விஞ்சுக்குப் பக்கத்தில் சங்கிலியோடு கொக்கி ஒன்று, காலி.

அந்த ஞாயிறு வெண்டலிடம் கேட்டாள்: அந்தக் கொக்கியில் என்ன தொங்கும்?

வெண்டலுக்குப் பீன்ஸ் புரைக்கேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, வாசிக்கிற அட்டை தொங்கும் என்றான். அன்றைக்கு ஏன் இல்லை என்றாள். கேபிள் அறுந்த களேபரத்தில் கடலில் விழுந்திருக்கலாம் என்றான். சங்கிலி விழாமல் அட்டை மட்டும் எப்படி விழும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் அவன் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. அவள் அதையும் கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் சீக்கிரமே வந்தான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே மனுத்தாளை எடுத்து, அவள் சொல்லாமலே எழுத ஆரம்பித்தான். கையேட்டில் ஏதாவது விதி மாறினால் புதுப் பக்கம் வரும். பழைய பக்கத்தை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிட்டு, செய்தவன் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவான். பதிவுத் தாள் என்பார்கள். பிப்ரவரி மாதத்துத் தாளைக் கேளுங்கள், இதுதான் எண் என்றான். "வெறும் கையெழுத்துத்தான் மிஸ். அதுல ரகசியம்னு ஒண்ணும் இல்ல. யாரும் மை பூசணும்னு யோசிக்க மாட்டாங்க."

"இத ஏன்டா ரெண்டு வருஷமா சொல்லல?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

சாப்பிடாமல் போய்விட்டான். தாளை எப்போதும்போல அவனே தபாலில் போட்டான். போடாமல் இருந்திருக்கலாம். அதைப் பற்றி அவள் பிற்பாடு நிறைய யோசித்தாள்.

பதினோரு வாரம் கழித்து ஒரே ஒரு தாள் வந்தது. பெயர் அச்சிட்ட இடத்தில் மட்டும் கறுப்பு. கையால் எழுதியது அப்படியே இருந்தது. தேதி: கார்னெல் சாவதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமை. மீன் ஏற்றும் பகுதியில் ஒரு பக்கம் மாற்றம். அதன் கீழே: 'ஹெலிகாப்டர்களில் உள்ள அட்டைகள் எட்டு, எட்டும் மாற்றப்பட்டன.' பக்கத்தில் சுருக்கொப்பம். கட்டம் கட்டமான எழுத்து, பல் உடைந்த சீப்பு.

ஹிராம் டீல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, யாருடைய எழுத்து என்று கேட்டார். யாருடையதோ என்றாள். மாலை ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாள். இருபத்தாறு வருடத்தில் அது முதல் தடவை.

ஞாயிறு வெண்டல் வந்தபோது தாள் அவன் தட்டுக்குப் பக்கத்தில், முள்கரண்டி வைக்கிற இடத்தில் இருந்தது. அவன் அதைப் பார்க்காமலே உட்கார்ந்தான்.

"எட்டும் மாத்தியாச்சுன்னு போட்டிருக்கு" என்றாள். "மாத்தினியா?"

"இல்ல மிஸ்."

"எத்தனை மாத்தின?"

"ஒண்ணுகூட இல்ல."

பிறகு அவன் சொன்னான். அவசரமில்லாமல், அவன் வழக்கப்படி மெதுவாக. வெள்ளிக்கிழமை மதியம் மாற்றப் பக்கங்கள் ஒரு கட்டாக வந்தன. பக்கம் மாற்றுவது அவன் தலையில் விழுந்த எடுபிடி வேலை. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவனுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பெரிய கையேட்டில் பழையதை உருவிப் புதியதைச் செருகினான். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. எண் பார்த்துச் செருகினால் போதும், நாற்பது பக்கத்தை எவன் படிப்பான். அட்டைகளைப் புதிதாக அச்சடித்து லேமினேஷன் போட வேண்டும். அந்த மெஷின் அடுத்த கட்டிட அலுவலகத்தில் இருந்தது, மூன்று மணிக்கே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தாளில் ஒரு இடம் காலியாக இருந்தால் மேலதிகாரி வாரக்கடைசி விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். எல்லோரும் செய்வதுதான்: வெள்ளிக்கிழமை கையெழுத்து, திங்கட்கிழமை வேலை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே பறக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெர்லீன் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்துல என்ன மாறிச்சு?"

முன்பு மீன் தண்ணீரை விட்டு எழுந்ததும் கேபிள்காரன் கோட்டைத் தாண்டிப் போய், சாய்பலகையில் மீன் உட்காரும் தொட்டிலுக்குள் அதை வழிப்படுத்துவான். வேறெங்கோ இரண்டு கேபிள் அறுந்த பிறகு விதியை மாற்றினார்கள்: மீன் தொட்டிலில் உட்கார்ந்து பூட்டு விழுகிறவரை யாரும் தாண்டக் கூடாது. இதைச் சொல்லும்போது வெண்டல் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு விஞ்சு பக்கத்துல யாரு?"

"நான்தான்."

"என்ன வாசிச்ச?"

"‘மீன் மேலே. கோட்டைத் தாண்டு.’"

தெருவில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்ப முயன்றார்கள். அது இருமி இருமி நின்றது.

"கொக்கி எப்படிக் காலியாச்சு?"

"திரும்பி வரப்ப கழட்டி பூட்ஸுக்குள்ள வச்சுக்கிட்டேன். கரைக்கு வந்ததும் கிழிச்சுப் போட்டேன். மத்த ஏழையும் அன்னிக்கு மத்தியானமே மாத்திட்டேன்."

"நீ அத கழட்டுறப்ப என் புள்ள எங்க இருந்தான்?"

"என் காலுக்குப் பக்கத்துல, மிஸ்."

வெர்லீன் எழுந்தாள். அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்து, அதிலிருந்ததைக் குப்பையில் தட்டி, குழாயடியில் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். "ரெண்டு வருஷம். நூறு ஞாயித்துக்கிழமை. என் மேசைல உக்காந்து என் மனுவ நீயே எழுதினியேடா."

"ஒவ்வொரு வாரமும் சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க தட்டு வச்சிடுறீங்க."

போகச் சொன்னாள். போனான்.

அந்த வாரம் அவள் பேருந்தை ஓட்டினாள், வேறொன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் கோட்டைத் தாண்டி நின்றார்கள், அவள் பேசவில்லை. அவள் பேசாதது எல்லோருக்கும் பயமாகிவிட, புதன்கிழமைக்குள் தானாகவே பின்னால் போய் நின்றார்கள். ஹிராம் டீலிடம் தாளைக் காட்டி யோசனை கேட்டாள். பெயர் சொல்லவில்லை. அவர் சொன்னது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தாள் மட்டும் போனால் எட்டு அட்டையும் மாற்றியாயிற்று என்றுதான் அது சொல்லும். கார்னெல் புது விதியைக் கேட்டும் தாண்டினான் என்று இன்னும் உறுதியாகும். பழைய அட்டை கிழிந்துபோயிற்று. மீதி இருப்பது ஒருவன் வாய். அவன் சொன்னால் அந்த வரி போகும். சொன்னால் அவன் கதி அவ்வளவுதான். பொய்க் கையெழுத்து, செத்தவன் பக்கத்திலிருந்து சாட்சியை எடுத்து ஒளித்தது, விசாரணையில் சத்தியம் செய்து பொய் சொன்னது.

அவனைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அந்த மழைநீர்க் குழாயை அவன் ஏணி போட்டு ஏறிக் கட்டிய கம்பி முடிச்சு கண்ணில் படும்போதெல்லாம் வேறு மாதிரியும் இருந்தது. ஞாயிறு வரக் கூடாது என்று ஜெபித்தாள். ஞாயிறு வந்தது. அவனும் வந்தான், வெள்ளைச் சீருடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. வாசல்படி ஏறவில்லை.

கடற்படைத் தளத்துக்கு நாளைக்குப் போகலாம் என்றாள். இன்றைக்கு அங்கே கேட்க ஆள் இருக்காது.

திங்கட்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு தளத்துக்கு ஓட்டினாள். வாயிலுக்கு வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் எஞ்சினை அணைத்தாள். அவன் இறங்கவில்லை. நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் விரிகுடா பக்கம் போயிற்று. கார்க் கண்ணாடி அதிர்ந்தது.

"ஜெயில்ல போட்டுடுவாங்க மிஸ் வெர்லீன்."

"போடுவாங்க."

"எங்க அம்மாவுக்கு என்ன சொல்றது?"

"எனக்கு என்ன சொன்னியோ அத."

அவன் தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல. நீங்க சொல்லுங்க, அப்படியே செய்யறேன்."

வெர்லீனுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வந்தது என்பதையே அவள் வெகுநாள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பாரத்தையும் என் தலைல ஏத்தாத வெண்டல்" என்றாள். "இறங்கு."

இறங்கினான். காவலனிடம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மாலை ஓட்டத்துக்கும் போகவில்லை; மாற்று ஓட்டுநருக்குப் பிள்ளைகள் தவறான தெருப் பெயர்களைச் சொல்லி ஊரெல்லாம் சுற்றவைத்தார்கள் என்று மறுநாள் புகார் வந்தது.

படை நீதிமன்றம் அவன் பதவிப் பட்டையைப் பறித்து, ஏழு மாதம் சிறை கொடுத்தது. வெள்ளிக்கிழமைக் கையெழுத்துகளைத் தாமும் போட்டவர்கள் நான்கு பேர் சாட்சிக் கூண்டில் நின்று, அப்படி ஒரு பழக்கமே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். வெண்டல் அவர்களை மறுக்கவில்லை. வெர்லீன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தே.

கோடைக் கடைசியில் ஒரு உறை வந்தது. உள்ளே ஒரே பக்கம், எண் ஒன்பது. 'பழைய பக்கத்தை அகற்றி இதைச் செருகவும். பழையதை அழிக்கவும்.' புதுப் பக்கத்தில் அந்த வரி இல்லை. அதன் இடத்தில், உறுப்பினர் தமக்கு வாசிக்கப்பட்ட கட்டளையின்படியே நடந்தார், கட்டளை காலாவதியானது என்று இருந்தது. வெர்லீன் சொன்னபடி செருகினாள். பழையதைக் கொல்லைப்புறத்தில் நண்டு வேகவைக்கும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். உள்ளே வந்தபோது வீடு, அவள் வெளியே போகும்போது இருந்த மாதிரியேதான் இருந்தது. புதுப் பக்கத்தை யாருக்காவது வாசித்துக் காட்டலாம் என்று போனை எடுத்தாள். எந்த எண்ணும் அழுத்தாமல் வைத்துவிட்டாள்.

அக்டோபரில் அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். அவன் அழைக்கவில்லை, அவளும் சொல்லி அனுப்பவில்லை. தரையில் திருகிய மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு காவலன். வெண்டலின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது பெரிதாகத் தெரிந்தது. இளைத்துவிட்டாய் என்றாள். இங்கேயும் கீரை போடுகிறார்கள், உங்களுடையதைப் பார்த்த பிறகு இது நிஜமாகவே மாட்டுக்குத்தான் என்றான். அவள் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. புதுப் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையசைத்தான். சந்திப்பு நேரம் முக்கால்வாசி போய்விட்டது.

"ஒண்ணு மட்டும் எந்தக் காகிதத்துலயும் இல்ல" என்றாள். "நீ வாசிச்ச. கேட்டவன் திருப்பிச் சொல்லணுமில்ல. அவன் என்ன சொன்னான்?"

வெண்டல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"‘தாண்டுறேன்’னு சொன்னான்."

"அவ்வளவுதானா?"

"‘தாண்டுறேன்டா டப்ஸ், காபி எடுத்து வை’ன்னான்."

"எப்படிச் சொன்னான்?"

"சும்மாதான் மிஸ். தூக்கக் கலக்கத்துல. குளிருதுன்னு தோள குறுக்கிக்கிட்டு."

வெர்லீன் அதை மெதுவாக, உதடு மட்டும் அசைய, ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். காவலன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, ஜிப்பை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"அடுத்த மாசம் வர முடியாது" என்று எழுந்தாள். "பஸ்ஸ சோதனைக்கு விடணும். அதுக்கடுத்த மாசம் பாக்கலாம்."